சாமிக்கு ஒரு மொட்டை, டாக்டருக்கு ஒரு மொட்டை

என் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. திமிர் என்பாள் என் நாத்தனார். களிமண் என்பார் என் கணவர். அதையும் எனக்குக் காது கேட்காத தூரத்தில் நின்றுதான் சொல்வார். மெட்ராஸ் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் பொய்யாக்கிவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் புடைப்பு இருக்கிறது, அதில் ஒன்று ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புதுச்சேரிப் பக்கம் செலியமேட்டில் கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ஒரே மகள், பாகூர் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கணவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று அர்த்தம். தண்ணீர் முறை வந்தால் மடையில் போய் நிற்பது நான். ஆலையில் கரும்பு வெட்டத் தேதி கொடுக்காமல் இழுத்தடித்தால் ஆபீஸ் வாசலில் போய்க் கத்துவது நான். என் மகளைப் படித்தது போதும் என்று நிறுத்தி, தன் மகனுக்குப் பேசி முடித்துவிட வேண்டும் என்று நாத்தனாருக்கு ஒரு ஆசை. வாரம் தவறாமல் அந்தப் பேச்சை எடுப்பாள். அவள் வாயை அடைப்பதும் நான்தான். நாத்தனாரைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், ஆனால் அவள் அங்கே இருந்ததைவிட எங்கள் வீட்டில் இருந்த நாள்தான் அதிகம். மொத்தத்தில் அந்த வீட்டுக்கு வாய் என்று ஒன்று இருந்ததென்றால் அது என்னுடையதுதான்.

முதல் தடவை வெடித்ததும் மடையில்தான். பக்கத்துக் கழனிக்காரன் எங்கள் முறைத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தேன். அவனை முடித்து, அவன் அப்பனை முடித்து, தாத்தாவுக்கு வந்திருந்த நேரம், பின் மண்டையில் பட்டென்று ஏதோ அறுந்தது. பிள்ளை பெறும்போதுகூட அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

"தோத்துப் போற மாதிரி இருந்தா இப்பிடி ஒரு நடிப்பா?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. தண்ணீரை முழுசாகத் தன் கழனிக்குத் திருப்பிவிட்ட பிறகுதான் என்னைத் தூக்க ஆள் கூப்பிட்டான். மகராசன், நல்லா இருக்கட்டும்.

வீட்டில் நாத்தனார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மறுநாள் கழுத்து விறைத்துப்போய் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தேன். அதற்கும் கண் பட்டதுதான் காரணம் என்றாள். மடையில் நின்று கத்துகிறவள் மேல் எவன் கண் வைப்பான் என்று யாரும் கேட்கவில்லை. கடலோரத்து நல்லவாட்டிலிருந்து பெரிய மீன் தலையாக வரவழைத்து, தலையில் வந்த நோவுக்குத் தலையைத்தான் தின்ன வேண்டும் என்று குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள்.

பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், என் கணவருக்குப் பழக்கம். விஷயம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர், வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, இது மந்திரிச்சி போற தலவலி இல்ல. வண்டிய எடுக்கறேன், ஏத்துங்க" என்றார்.

அவருடைய சரக்கு வேனில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். புதுச்சேரியில் பார்த்துவிட்டு மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து ஏற்றி, தலையைப் படம் எடுத்தார்கள். மருந்து ஏறும்போது முகமெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் படத்தைத்தான் டாக்டர் வெளிச்சத்தில் மாட்டி எங்களுக்குக் காட்டினார். நான் சக்கர நாற்காலியில். கணவர் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம்.

"சைக்கிள் டியூப் பாத்திருக்கீங்களா? ஒரு இடத்துல ரப்பர் தேஞ்சு போனா அங்க மட்டும் உப்பிக்கும் இல்ல? அந்த மாதிரிதான். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, அடியில ஆழத்துல ஒண்ணு. இடது பக்கம் இருக்கறதுதான் கசிஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

சைக்கிள் டியூப் என்றதும் என் கணவருக்கு உயிர் வந்தது. "ஒட்டுப் போட்டுடலாமா சார்?" என்றார்.

"ஒட்டெல்லாம் போட முடியாது. மண்டை ஓட்டைத் திறந்து, உப்பின இடத்தோட அடியில ஒரு சின்ன கிளிப் போட்டு மூடிடுவோம். ரத்தம் அதுக்குள்ள போகாது."

"அப்ப மூணுத்தையும் ஒரே தடவையா முடிச்சி வுட்டுடுங்க சார். சும்மா சும்மா வந்துகினு இருக்க முடியாது. கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வர்ற நேரம்."

மூன்று மூட்டையை ஒரே நடையில் ஏற்றச் சொல்கிற மாதிரி பேரம். டாக்டர் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார். இடது பக்கம் முதலில். அது ஆறி, உடம்பு தேறிய பிறகு வலது பக்கம். ஆழத்தில் இருப்பதைத் தொடுவதைவிட விட்டுவிடுவதே நல்லது.

"வுட்டுடறதுக்கு எதுக்கு சார் கண்டுபுடிச்சீங்க?" என்றாள் நாத்தனார். என் வாழ்நாளில் அவள் பேசியதில் நான் ஒத்துக்கொண்ட ஒரே கேள்வி அது.

அதன் பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். இடது பக்கம் இருப்பது பேச்சு வருகிற இடத்துக்குப் பக்கத்தில். ஆபரேஷனில் பேச்சு போகலாம், வலது கை கால் போகலாம், உயிரே போகலாம். ஆனால் செய்யாமல் விட்டால் மறுபடியும் வெடிக்கும். எப்போது என்று சொல்ல முடியாது. இரண்டாவது தடவை வெடித்தால் பிழைப்பது கஷ்டம்.

செத்துப்போனால் என் மகளை அடுத்த தை மாதமே மணையில் உட்கார வைத்துவிடுவார்கள். பேச்சு போய் உயிரோடு இருந்தாலும் அதேதான், என்ன, நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நாத்தனாரின் குரல் கேட்டது.

"பேச்சு மட்டுந்தான சார் போவும்? கை காலு நல்லா இருக்கும் இல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பண்டிகைக்கு விளக்கேற்றின மாதிரி இருந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு லேசாகத் துடித்தது. அடப்பாவி மனுஷா! உனக்காக எத்தனை மடையில் நின்றிருப்பேன்?

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க? அடுத்த வாரமே வெச்சுக்கலாம்" என்றார்.

செய்யுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர், யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷன், அன்றைக்கு என்று முந்திக்கொண்டார். "வூட்ல கலந்து பேசிட்டு வந்து சொல்றோம் சார்."

கலந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? பேச்சு போவதைப் பற்றியா, உயிர் போவதைப் பற்றியா? இரண்டும் இல்லை. முடியைப் பற்றி. ஆபரேஷனுக்கு முன்னால் தலையை முழுக்க மழிப்பார்கள் என்று நர்ஸ் ஒருத்தி நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள்.

"கழுத்துல தாலியோட இருக்கறவ தலைய ஆஸ்பத்திரியில எவனோ மழிக்கறதா? அறுத்துட்டவளுக்குப் பண்ற வேலடா அது. தம்பி, அது உன் உசுருக்கு ஆவாது" என்றாள் கூடத்தில் நின்று.

அதுவரை என் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த என் கணவர், அந்த நிமிஷத்திலிருந்து தன் உயிரைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். முகம் வெளுத்துவிட்டது. தலைக்குள் வெடி வைத்திருப்பது எனக்கு, வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் நாத்தனார்தான். சாமிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் அது அபசகுனம் இல்லை, புண்ணியம். ஆகவே முதலில் குலதெய்வம் கோயிலில் மொட்டை. பிறகு அந்த மொட்டைத் தலையோடு போனால் ஆஸ்பத்திரிக்காரனுக்கு மழிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. சாமியும் சந்தோஷப்படும், டாக்டரும் சந்தோஷப்படுவார், தாலியும் தப்பிக்கும். எல்லோரும் அவள் புத்தியை மெச்சினார்கள்.

அதோடு முடிந்ததா? மொட்டை என்றால் தாய்மாமன் வேண்டும். குழந்தைக்குத்தானே தாய்மாமன் மடி என்றேன். குலதெய்வத்துக்கு முதல் மொட்டை எந்த வயதில் போட்டாலும் அதே முறைதான் என்றார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தக் கோயிலில் மொட்டை போடவில்லை, அது என் பிறந்த வீட்டின் குற்றமாம். சரி, என் அம்மாவின் அண்ணன் வில்லியனூரில் உயிரோடுதான் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம். என் கல்யாணத்தில் அவரை முதல் பந்தியில் உட்கார வைக்காமல் இரண்டாம் பந்திக்குத் தள்ளிவிட்டார்கள் என்று இலையைவிட்டு எழுந்து போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சொல்தா. சொல்தாவின் ரோஷம் சாமானியமாகத் தணியுமா?

"எனக்கு மாமனும் வேணாம் மயிரும் வேணாம், நாளைக்கே மெட்ராசுக்குக் கூட்டிம்போங்க" என்று கத்தினேன்.

"கத்தாத, கத்துனா வெடிச்சிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் நாத்தனார்.

அது ஒன்று கிடைத்துவிட்டது அவர்களுக்கு. டாக்டர் என்னை முக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு நான் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் கத்தாத, வெடிச்சிடும். குழம்பில் உப்பு இல்லை என்றால் கத்தாத. மகளை ஏன் இன்று பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்றால் கத்தாத. ஆபரேஷன் இல்லாமலே என் பேச்சை எடுத்துவிட்டார்கள். பயமும் இருந்தது, அதனால் அடங்கித்தான் போனேன்.

என் கணவரும் நாத்தனாரும் தாம்பூலத் தட்டோடு பஸ் ஏறினார்கள். வில்லியனூர் போகிற வழியில் மூலக்குளத்தில் புதுசு புதுசாக வீடு முளைத்திருக்கிறது, அடையாளமே தெரியவில்லை என்று வந்து சொன்னார்கள். என் தலையைப் பற்றிக் கேட்டால் மனை விலையைப் பற்றிச் சொன்னார்கள். மாமா தட்டைத் தொடவில்லையாம். முதல் பந்தியில் இலை போடாத வீட்டுக்கு மொட்டைக்கு மட்டும் மாமன் வேண்டுமா என்று கேட்டாராம். ஆபரேஷனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தடவை போனபோது மனம் இரங்கினார். ஆனால் ஆடி கழியட்டும், வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் மொட்டை என்றார். ஆடி கழிகிற வரைக்கும் என் ரத்தக் குழாயும் பொறுத்துக்கொண்டது. ஆவணி பிறந்ததும் வந்தார். ஆட்டுக்கறி, கோழிக்கறி, முட்டை. முதல் பந்தி என்று ஒன்று போட்டு அதில் அவர் ஒருத்தரை மட்டும் உட்கார வைத்தார்கள். எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "பாப்பா, பிரான்சுல இதுக்கெல்லாம் தலையத் தொறக்க மாட்டான். ஒரே ஊசி, கரைஞ்சி பூடும்" என்றார். பிரான்சில் அவர் கண்டது பட்டாளத்துச் சமையற்கட்டு மட்டும்தான். அதை நான் சொல்லியிருப்பேன், கத்தாத என்பார்களே என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் இன்னொரு சிக்கல். முப்பத்தைந்து வயதுக்காரியை எழுபது வயதுக்காரர் மடியில் எப்படி உட்கார வைப்பது? கூடி யோசித்தார்கள். மாமா சப்பணம் போட்டு உட்கார, அவர் வேட்டி நுனியை இழுத்து விரித்து அதன் மேல் என்னை உட்கார வைத்தார்கள். வேட்டி நுனியும் மடியில் சேர்த்திதானாம். வேட்டி அவிழ்ந்துவிடாமல் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த நிலைமையிலும் மொட்டை போடுகிறவருக்கு, பிரான்சில் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பார்கள் என்று பாடம் எடுத்தார். கத்தி பிடித்தவர் நிமிர்ந்து நிமிர்ந்து மாமாவைப் பார்த்ததில் கத்தி மூன்று நான்கு இடத்தில் கிழித்துவிட்டது. கோயில் குளத்துத் தண்ணீரிலேயே சந்தனமும் மஞ்சளும் குழைத்து நாத்தனார் காயத்தில் அப்பினாள். அப்பும்போது, "பாரு, சாமி முகம் மாதிரி இருக்கு" என்றாள். உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தக் காயங்கள் சீழ் பிடித்தன. சீழோடுதான் மெட்ராசுக்குப் போனேன். என் தலையில் சுற்றியிருந்த துணியை டாக்டர் பிரித்துப் பார்த்தார்.

"அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னா, ஆடி முடிஞ்சி வர்றீங்க. சரி, இது யாரு செஞ்சது?"

"சாமிக்கு சார்" என்றார் என் கணவர்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல நாங்களே எடுப்போமே! புண்ணு இருக்கற தோலை வெட்டிக்கிட்டு மூளைக்குள்ள போக முடியுமா? சீழ் உள்ள போனா ஆளே காலி. இது ஆறணும். ஆறுற வரைக்கும் இங்கயே படுத்திருக்கட்டும்."

கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. வெட்டு ஆட்களுக்குச் சோறு பொங்க வேண்டும், என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்க ஆள் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். வீட்டில் படுத்தாலும் படுக்கைதானே என்றார் என் கணவர்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே நாத்தனார் பேச்சை எடுத்தாள். தாய்க்கு இப்படி ஆகிவிட்டது, பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது, தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்றாள். என் கணவர் தலையை ஆட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்த என் மகள் நடையில் அப்படியே நின்றுவிட்டாள். வெடித்தால் வெடிக்கட்டும் என்று எழுந்தேன். "எம் பொண்ண" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைதான், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, வெளியே வரவில்லை. வலது கால் மடிந்தது. தரையில் கிடந்தபடி என் மகள் அலறுவதைக் கேட்டேன்.

மறுபடியும் பாயின் வேன், மறுபடியும் மெட்ராஸ். இந்தத் தடவை யாரும் கலந்து பேசவில்லை. புண் பாதி ஆறியிருந்தது, மீதிக்கு டாக்டர் துணிந்துவிட்டார். ஒரு மாத முடி வளர்ந்திருந்ததை ஆஸ்பத்திரியில் எவனோ மழித்தான். சாமி இல்லை, மாமன் இல்லை, வேட்டி நுனி இல்லை. என் கணவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பிழைத்தேன். கிளிப் போட்டாகிவிட்டது, அந்தப் புடைப்பு இனி வெடிக்காது என்றார் டாக்டர். பேச்சு போனது கத்தியால் இல்லை, வீட்டில் வெடித்ததால் என்றும் தெளிவாகச் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஊருக்குப் போனதும் நாத்தனார் தெருத் தெருவாகச் சொன்னாள்: "ஆபரேஷன் பண்ணி வாய் பூட்ச்சி. நான் அப்பவே வேணாம்னேன்." அவளை மறுத்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆளுக்குத்தான் பேச்சு இல்லையே. எழுத்து பல வருஷம் கழித்து இடது கையில் திரும்பி வந்தது. பேச்சு இன்றைக்கும் முழுசாக வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே யாரும் பேச முடியாது பாருங்கள்.

அப்போது எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. வேணாம். வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் வாய் அதைத்தான் சொல்லும். பசிக்கிறது என்று நினைத்தால் வேணாம். தண்ணீர் கொடு என்றால் வேணாம். முதல் நாட்களில் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், நான் ஆவலாக வேணாம் என்பேன், அவளே வேணாங்கறா என்று திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அழுகை வரும். என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். நான் சொல்வதைக் கேட்காமல் என் இடது கை எங்கே போகிறது என்று பார்ப்பாள். தட்டின் பக்கம் கை போனால் சோறு போடுவாள்.

ஒரு நாள் மடைச் சண்டைக்காரன் பழத்தோடு பார்க்க வந்தான். அவன் மூஞ்சியைக் கண்டதும் என் வாயிலிருந்து ஒரு வசவு, எழுத்துக்கு எழுத்து சுத்தமாக, அவன் பாட்டன் வரைக்கும் போய் வந்தது. வீடே குதித்தது. "பேச்சு வந்துட்ச்சி!" என்று என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டு வாங்கியவனும் சந்தோஷமாகச் சிரித்தான். இன்னும் ஏதாவது பேசு என்றார்கள். ஆசையோடு வாயைத் திறந்தேன். வேணாம் என்றுதான் வந்தது. வசவெல்லாம் மூளையில் வேறு மூலையில் இருக்குமாம், ரொம்ப நாள் கழித்து டாக்டர் சொன்னார்.

ஆனால் ஒன்று. தை பிறந்தது, நாத்தனார் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "இன்னா சொல்ற, பொண்ணக் குடுக்கறியா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இருந்தது. இருந்த பலமெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெற்றவள் இப்படிச் சொல்லும்போது எப்படி என்று என் கணவரும் பின்வாங்கினார். மகள் பள்ளிக்கூடம் போனாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. குறுக்கே நிற்க அவ்வளவு பெரிய வாய் தேவையில்லை, உயிரோடு இருந்தால் போதும். அதனால் அடுத்த வருஷம் மெட்ராசிலிருந்து கூப்பிட்டபோது, மற்ற புடைப்பையும் அடைத்துவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். முடி கழுத்து வரைக்கும் வளர்ந்திருந்தது.

அதே அறை, அதே மூன்று பேர். டாக்டர் படத்தை மாட்டினார். வலது பக்கம் இருப்பது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. இந்தப் பக்கத்துக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை. செய்துவிட்டால் நிம்மதி, விட்டுவிட்டால் போன தடவை மாதிரி ஒரு நாள் வெடிக்கும்.

"மறுபடியும் மொட்டையா சார்?" என்று நாத்தனார் தொடங்கினாள். "வூட்ல கலந்து" என்று என் கணவர் தொடங்கினார்.

டாக்டர் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினார். "நீங்க யாரும் பேசக் கூடாது. தலை அவங்களோடது. அவங்கதான் சொல்லணும்." என் பக்கம் குனிந்தார். "சொல்லுங்கம்மா. ஆபரேஷன் செஞ்சிக்கறீங்களா?"

ஒரு ஆள் என்னைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. செய்யுங்க. நான்கு எழுத்தோ ஐந்து எழுத்தோ, அவ்வளவுதான். வழியெல்லாம் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"வேணாம்."

"பாத்தீங்களா சார்? அவளே சொல்லிட்டா!" என்றாள் நாத்தனார்.

மேஜையைத் தட்டினேன். வேணாம், வேணாம் என்றேன். எனக்குக் கோபம் ஏற ஏற அது இன்னும் தெளிவாக வந்தது, பட்டுப்போன்ற உச்சரிப்பில். எனக்கு வருவது அந்த ஒரு வார்த்தைதான் என்று டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வேண்டாம் என்கிறவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அவர் படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டார். என் கணவர் பையை எடுத்துக்கொண்டார். மகள் இருந்திருந்தால் என் கையைப் பார்த்திருப்பாள். அவளுக்கு அன்றைக்குப் பரீட்சை.

அறையைவிட்டு வெளியே வந்தோம். இடது பக்கம் போனால் வாசல், பஸ். வலது பக்கம் வார்டு. நான் வலது பக்கம் திரும்பினேன். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பேன், ஆனாலும் அவர்கள் சுதாரிப்பதற்குள் உள்ளே போய்விட்டேன். சுவரோரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஏறிப் படுத்துக்கொண்டேன்.

"யாரும்மா நீங்க? அது வேற பேஷண்டுக்கு, எந்திரிங்க" என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"இன்னா இது கூத்து? நீதான வேணாம்னு சொன்ன? வா, பஸ்ஸு பூடும்" என்று என் கணவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். கரும்பு தூக்கின கை, அவ்வளவு சுலபமாகப் பிரியுமா? சத்தம் கேட்டு டாக்டர் வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் நின்று, மெதுவாக, முதலில் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

"வேணாம்" என்றேன். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நெடுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இந்தக் கட்டிலை இவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார்.

கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, ஆனால் கம்பியை விட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயம். அதனால் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அந்த மனுஷனுக்கு வாயாலேயே நன்றி சொன்னேன்.

"வேணாம்" என்றேன். "வேணாம், வேணாம்."